பெரியப்பாவைப் பற்றி அவனுக்கு யாரும் சொல்லவில்லை

இலங்கையின் கிழக்குக் கரையில், உல்லையில் சீசன் ஏப்ரலில் தொடங்கி ஒக்டோபர் வரை போகும். அறுகம்குடா என்று வெளியூர்ச் சனம் சொல்லுகிற அதே இடம்தான். அலை சறுக்க வருகிறவர்களோடு அவர்களின் பழக்கங்களும் வந்து சேரும். நான் கோமாரிக்காரன். அங்கே ஒரு கெஸ்ட்ஹவுஸில் கனகாலமாக இரவு வேலை: சாவி கொடுக்க, ஜெனரேட்டர் பார்க்க, வெறியில் விழுந்தவனைத் தூக்கிக் கட்டிலில் போட. சாராயம், கஞ்சா, ஐஸ் அடித்துவிட்டு இரண்டு மூன்று நாள் கண் மூடாமல் திரிகிற ஆட்டம் எல்லாம் பார்த்துப் பழகிவிட்டது. காகிதத்தில் தடவி வருகிற எல்.எஸ்.டி.யும் போதைக் காளானும் வேறு சாதி, இல்லாததைக் காட்டுகிறவை. அவற்றைப் பற்றி எங்கள் பக்கத்தில் இரண்டே விதமான பேச்சுத்தான் காதில் விழுகிறது. ஒன்று மேடைப் பேச்சு: எல்லாப் போதையும் ஒரே நஞ்சு. மற்றது யூடியூப் பார்த்த பொடியன்களின் பேச்சு: அது போதையே இல்லை, மருந்து, மனச்சோர்வு ஒரே நாளில் பறந்துவிடும். என் அக்காவின் மகன் இரண்டாவதை நம்பினவன். அவனுக்கு நடந்ததையும், அதற்குப் பிறகு நான் கேட்டும் வாசித்தும் விளங்கிக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன். பெயர் வேண்டாம், மருமகன் என்றே வைத்துக்கொள்வோம்.

திருக்கோவில் வீடு. ஏ.எல். சரிவராமல் போனதும் அக்கா என்னிடம் அனுப்பிவிட்டாள். முதல் சீசன் குசினியில் வெங்காயம் வெட்டினான். அடுத்த சீசன் பலகையோடு கடலில் நின்று வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குச் சறுக்கப் பழக்கினான். கெட்டிக்காரன். சீசன் முடிந்து ஊருக்குப் போனால் மட்டும் முகம் தொங்கிவிடும். மாரி மழை, வேலையில்லை, பகல் முழுக்கப் படுக்கை. வீட்டில் அதற்கு ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். அக்கா சோம்பல் என்றாள், அத்தான் காதல் என்றார். அவனாகவே போனில் தேடி, 'இது டிப்ரெஷன் மாமா' என்று ஒருநாள் சொன்னான். கூடவே ஒரு செய்தியையும் காட்டினான். 2023 பெப்ரவரியில் அவுஸ்திரேலியா அறிவித்தது அது: ஜூலை 1 முதல், அனுமதி பெற்ற மனநல வைத்தியர்கள் வேறு மருந்துக்குக் கேட்காத மனச்சோர்வுக்குக் காளானில் இருக்கும் சைலோசைபினையும், அதிர்ச்சிக்குப் பின்னான மனவடுவுக்கு எம்.டி.எம்.ஏ. என்ற பார்ட்டிப் போதைச் சாமானையும் எழுதிக் கொடுக்கலாம்.

அவன் வாசித்தது பொய்யில்லை. 2022இல் வெளியான ஒரு பெரிய பரிசோதனையில், மாத்திரைகளுக்குக் கேட்காத மனச்சோர்வு உள்ள 233 பேருக்குச் சைலோசைபின் ஒரேயொரு தடவை கொடுத்தார்கள். 25 மில்லிகிராம் எடுத்தவர்களில் மூன்று கிழமைக்குப் பிறகு நூற்றுக்கு 37 பேருக்கு நோய் பாதிக்குப் பாதி இறங்கியது. பேருக்கு 1 மில்லிகிராம் எடுத்தவர்களில் அது நூற்றுக்கு 18. பன்னிரண்டு கிழமை வரை அந்தக் குணம் நிலைத்தது 25 மில்லிகிராம்காரரிலும் நூற்றுக்கு 20 பேருக்குத்தான். நல்ல செய்திதான், அற்புதம் இல்லை. ஆனால் எங்கள் பொடியன்களின் போனுக்கு அந்த 37 மட்டும்தான் வந்து சேர்ந்தது. அந்தப் பரிசோதனைக்கு ஆட்களை எப்படித் தெரிந்தெடுத்தார்கள், யாரைத் திருப்பி அனுப்பினார்கள் என்பது வரவில்லை. இந்தக் கதை முழுக்க அந்தத் திருப்பி அனுப்பப்பட்டவர்களைப் பற்றியது.

அன்று மருமகன் எடுத்தது யாரோ ஒரு விருந்தாளி கொடுத்த துண்டுக் காகிதம், சின்ன விரல் நகமளவு. அவனுக்கு அது புதிதில்லை. முந்தினமுறை நன்றாகவே போயிருந்தது. 'கடல் மூச்சு விடுது மாமா, நீங்க கண்டிருக்கீங்களா?' என்று என்னிடமே வந்து சொன்னவன். இந்தமுறை அதற்கு முன்னால் பார்ட்டி பார்ட்டியாக நித்திரை முழித்திருந்தான், மேலே கஞ்சாவும் குடித்திருந்தான். நடுச்சாமம் போல குசினிப் பொடியன் ஓடி வந்தான். 'அண்ணே, உங்கட மருமகன் கடற்கரையில இருந்து அழுறான்.'

கரையில் இழுத்துவைத்திருந்த தோணிக்குப் பக்கத்தில் இருந்தான். கையில் வலையின் மிதப்புக்கட்டை ஒன்று. அதைத் தடவுகிறான், பிறகு தன் முழங்கையைத் தடவுகிறான், எது கட்டை எது கை என்று பிரித்தறிய முடியவில்லை. தோணியில் எழுதிய இலக்கங்கள் இடம் மாறி மாறி ஊருது என்றான். கண்மணி இரண்டும் விரிந்து கறுப்பாகக் கிடந்தன. 'நான் செத்திட்டனா மாமா? செத்திட்டனெண்டா சொல்லுங்க, நான் கோவிக்க மாட்டன்.' சுற்றிவர நின்ற சனம் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னது. ஒருத்தர் தேசிக்காய் வெட்டித் தலையில் தேய்க்கச் சொன்னார். இன்னொருவர் இரண்டு அறை விட்டால் இறங்கும் என்றார். அரைப்போத்தல் சாராயத்தோடும் ஒரு ஆள் வந்துவிட்டார், அமுக்கிப் படுக்கப்போட.

எங்கள் பத்தாம் இலக்க அறையில் சூரிச்சில் மனநல வார்டில் வேலை செய்த ஒரு தாதி தங்கியிருந்தார். நல்ல காலம். அவர் வந்து முதலில் செய்தது சனத்தை அனுப்பியதுதான். பிறகு பக்கத்து பாரின் ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்லி என்னைத் துரத்தினார். பின்பக்க அறையில் வெள்ளைக் குழல்விளக்கை அணைத்துவிட்டு, மூலையில் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு, மேசைவிசிறி, ஒரு போத்தல் தண்ணீர். கதைக்கிற ஆள் ஒருவர்தான் இருக்க வேண்டும், அது அவனுக்குத் தெரிந்த குரலாக இருக்கட்டும் என்றார். நான் இருந்தேன். அவன் காண்பதை இல்லையென்று வாதாடாதே, ஓமென்று ஒத்தும் ஊதாதே என்பது அவர் கட்டளை. 'நீ உல்லையில இருக்கிறாய். நான் மாமா. நீ ஒரு சாமான் எடுத்தாய், அது வேலை செய்யுது. விடியக்குள்ள இறங்கிரும்.' இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒவ்வொருமுறையும் முதல்தடவை கேட்பதுபோலக் கேட்டான். நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் பார்ப்பதும், நாடி பார்ப்பதுமாக அந்தப் பெண் அறைவாசலிலேயே இருந்தார். காளான் என்றால் நாலு தொடக்கம் ஆறு மணித்தியாலம், எல்.எஸ்.டி. என்றால் எட்டு தொடக்கம் பன்னிரண்டு என்று சொல்லி வைத்தார். அது எனக்குப் பெரிய உதவி. முடிவு நேரம் தெரிந்தால் பக்கத்தில் இருப்பவனுக்குப் பதற்றம் பாதி குறையும், அவன் குரல் ஆறினால் எடுத்தவனுக்கும் குறையும்.

விடியற்காலையில் அவன் உறங்கியதும் தேத்தண்ணியோடு இருந்து அவர் விளக்கியது இது. பிறகு நான் வாசித்ததிலும் இதுதான் இருந்தது. மூளையில் செரட்டோனின் என்ற இரசாயனம் போய் ஒட்டுகிற கதவுகள் பலவகை உண்டு. அவற்றில் 5-எச்.டி.2ஏ என்ற ஒரு வகையில்தான் எல்.எஸ்.டி.யும் சைலோசைபினும் போய் ஒட்டுகின்றன. அந்தக் கதவை வேறொரு மருந்தால் முன்கூட்டியே அடைத்துவிட்டுக் கொடுத்தால் காட்சியும் இல்லை, மயக்கமும் இல்லை. 1998இல் சூரிச்சில் ஃபிரான்ஸ் வொலன்வைடரின் ஆய்வுக் குழு சைலோசைபினை வைத்து அதை மனிதரிலேயே காட்டியது. எல்.எஸ்.டி.யும் சுவிஸ் சாமான்தான். பாசல் நகரத்தில் சாண்டோஸ் கம்பனியில் அல்பர்ட் ஹோஃப்மன் அதை 1938இல் செய்து, 1943 ஏப்ரலில் தற்செயலாக அதன் குணத்தை அறிந்தார். சரி, கதவில் ஒட்டினால் என்ன நடக்கிறது? சாதாரண நாளில் மூளை கண்ணில் விழுவதை அப்படியே எங்களுக்குக் காட்டுவதில்லை. பழைய அனுபவத்தை வைத்து 'இது தோணி, இது கை, இது நான்' என்று ஊகித்து, ஊகத்தோடு பொருந்துவதைக் காட்டுகிறது. 'நான்' என்ற நினைப்போடு சம்பந்தப்பட்ட மூளைப் பகுதிகள் கூட்டாக இயங்கும் வலையமைப்பு ஒன்று இருக்கிறது. இந்த மருந்துகள் அதன் ஒழுங்கைக் குலைக்கின்றன. வழக்கமாகத் தனித்தனியே கதைக்கும் பகுதிகள் ஒன்றோடொன்று கதைக்கத் தொடங்குகின்றன. கண்ணை மூடியிருந்தாலும் காட்சி வருவது அதனால்தான். ஊகம் இளகுகிறது.

மனச்சோர்வு உள்ளவனுக்கு இந்த இளக்கம் ஏன் உதவலாம் என்பதும் இதிலேயே இருக்கிறது. 'நான் உதவாதவன்' என்று இறுகிப்போன ஊகமும் கொஞ்சம் தளரும், புதிதாய் ஒன்றைப் பழக இடம் வரும். எங்கள் பக்கத்தில் மாரியில் வாவி கடலில் சேருகிற முகத்துவாரத்து மணலை வெட்டுவார்களே, அதைத்தான் நான் நினைத்துக்கொண்டேன். நீர்மட்டம் பார்த்து, நாள் பார்த்து, வயற்காரரும் மீன்பிடிகாரரும் கூடிப் பேசி வெட்டினால் வெள்ளம் கடலுக்குப் போய் வேளாண்மை தப்பும். கண்டபடி வெட்டினால் உப்புத்தண்ணீர் உள்ளே ஏறும். சூரிச் வார்டில் வெட்டுகிறவர்கள் கிழமைக்கணக்கில் ஆளைப் பார்த்துப் பேசித்தான் வெட்டுகிறார்கள். மருந்து கொடுக்கும் நாளில் பயிற்சி பெற்றவர்கள் பக்கத்திலேயே இருப்பார்கள், அதற்குப் பிறகும் பேச்சு நடக்கும்.

அன்று காலையோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

மருமகன் எழும்பிக் கொத்துரொட்டி தின்றான், சிரித்தான். ஆனால் அடுத்த இரவு படுக்கவில்லை, அதற்கடுத்த இரவும் இல்லை. அது கதிர்காமப் பாதயாத்திரைக் காலம். கோமாரி, பொத்துவில் தாண்டி உகந்தைக்குச் சனம் வேலோடு நடந்துகொண்டிருந்தது. ரோட்டோரம் நின்று போகிறவர்களை எண்ணினான். சிவப்பு வேட்டி கட்டினவர்கள் தனக்குச் செய்தி கொண்டுபோகிறார்கள், பச்சைப் பை வைத்திருப்பவர்கள் தன்னை வேவு பார்க்கிறார்கள். போனைக் கழற்றி பற்றரியைக் கடலில் எறிந்தான். அந்த இரவில் அவனுக்குப் பயம் வந்தபோது 'இது எடுத்த சாமானின் வேலை' என்று சொன்னால் ஒரு நிமிஷமாவது கேட்டான். இப்போது அதைச் சொன்னால் நானும் வேவுக்காரன். இரண்டுக்கும் வித்தியாசம் அங்கேதான் இருந்தது. மருந்து இறங்கிவிட்டது, குழப்பம் இறங்கவில்லை.

அக்கா வந்து கூட்டிப்போனாள். பேய் பிடித்தது என்று ஒரு பூசாரியிடம் காட்டினார்கள். நூல் கட்டினார், குறைசொல்ல மாட்டேன். உண்ணாவிரதம் இருத்தி அடித்து விரட்டச் சொன்ன இன்னொருவரிடம் அத்தான் போகவில்லை என்பது பெரிய விஷயம். பிறகு ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். கோயில் நூல் கிடக்கட்டும், நித்திரையும் சாப்பாடும் மாத்திரையும் மட்டும் தப்பக்கூடாது என்றார் டொக்டர். காகிதம், கஞ்சா, முழித்த இரவுகள் எல்லாவற்றையும் நானே ஒளிக்காமல் சொன்னேன். பொலிஸ் வரும் என்று அக்கா என் கையைக் கிள்ளினாள். எல்.எஸ்.டி. சட்டப்படி குற்றம்தான், ஆனால் டொக்டர் தேடியது வழக்கை இல்லை, வருத்தத்தை. வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனையில் எல்.எஸ்.டி. பிடிபடாது, ஆகவே பக்கத்தில் நின்றவர் வாயால் சொன்னால்தான் உண்டு.

அப்புறம் டொக்டர் கேட்டார்: 'உங்கட குடும்பத்தில, ரெண்டு பக்கத்திலயும், ஆருக்காவது இப்பிடி மனவருத்தம் இருந்ததா?' அக்கா, 'ஐயோ இல்ல டொக்டர்' என்றாள். அத்தான் சுவரில் ஒட்டியிருந்த டெங்கு போஸ்டரை வாசித்துக்கொண்டிருந்தார்.

வெளியே கன்டீனில் பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தபோதுதான் அத்தான் வாயைத் திறந்தார். அவருக்கு ஒரு மூத்த அண்ணன் இருந்திருக்கிறார். இருபது வயதில் தனியே கதைக்கத் தொடங்கி, இரவில் எழும்பி வயல்வெளியில் நடந்து, ஆரோ தனக்குக் கம்பி வழியாகக் கட்டளை அனுப்புகிறார்கள் என்று சொல்லி, கடைசியில் வயல்வாடியிலேயே சீவித்துச் செத்துப்போனார். செய்வினை என்று சொல்லி மூடினார்கள். பின்னால் கலியாணம் பேச இரண்டு தங்கச்சிமார் இருந்தார்கள். வீட்டில் அவருடைய படம்கூட இல்லை. கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில் அக்காவுக்கே அரைகுறையாகத்தான் தெரியும். மருமகனுக்குத் தனக்கு ஒரு பெரியப்பா இருந்ததே தெரியாது.

நான் உள்ளே போய் டொக்டரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. எழுதிக்கொண்டு சொன்னார்: வெளிநாட்டுப் பரிசோதனைகளில் முதல் கேள்விகளில் ஒன்று இது. தனக்கோ நெருங்கிய இரத்த உறவுக்கோ மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா), இருமுனை நோய் (பைபோலர்) இருந்தால் ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பல இடங்களில் மாமன், பெரியப்பன் உறவுவரை கேட்பார்கள். அதாவது மருமகன் போனில் வாசித்த அந்த மருந்தை அவன் உண்மையைச் சொல்லிக் கேட்டிருந்தால், பல இடங்களில் கொடுத்திருக்கமாட்டார்கள். ஆனால் உண்மையைச் சொல்ல அவனுக்கு அது தெரிந்திருக்கவேண்டுமே.

குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு வந்தே தீரும் என்று இல்லை. மனச்சிதைவு பொதுவாக நூற்றில் ஒருவருக்கும் குறைவு. தாயோ தகப்பனோ நோயாளி என்றால் நூற்றுக்குப் பத்துப்போல, பெரியப்பன் உறவென்றால் அதைவிடக் கீழே. அந்தக் காகிதம் இல்லாவிட்டாலும் அவனுக்கு வந்திருக்குமா என்று அக்கா கேட்டபோது, வந்திருக்கவும் கூடும் என்றுதான் டொக்டர் சொன்னார். கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தின் பதிவுகளை வைத்து 2024இல் ஓர் ஆய்வு வந்தது. இப்படியான சாமான் எடுத்து அவசரப் பிரிவுக்குப் போனவர்களில் மூன்று வருஷத்துக்குள் நூற்றுக்கு நான்கு பேரளவில் மனச்சிதைவு என்று கண்டுபிடிக்கப்பட்டது. பொதுச் சனத்தில் அது ஆயிரத்துக்கு ஒன்று இரண்டு. மருந்துதான் காரணம் என்று அதை வைத்து அறுதியாகச் சொல்ல முடியாது, ஏற்கெனவே நொய்ந்த ஆட்களும் அதில் இருப்பார்கள். ஆனால் அவசரப் பிரிவு வரை போன பிள்ளையை ஒரு கிழமையோடு மறந்துவிடக் கூடாது என்று அந்த எண்ணிக்கை எனக்குச் சொல்கிறது.

கெஸ்ட்ஹவுஸ் இரவு வேலையில் இருக்கிற எனக்கு இப்போது சில விஷயங்கள் கைப்பழக்கமாகிவிட்டன. ஆள் பயந்திருக்கிறான், ஆனால் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறான், உடம்பு கொதிக்கவில்லை என்றால் அமைதியான அறை, மங்கல் விளக்கு, ஒரு ஆள். கடலுக்கும் ரோட்டுக்கும் மொட்டைமாடிக்கும் விடக்கூடாது. இந்தச் சாமான்களில் நேரடியாகச் செத்தவர்கள் குறைவு, தவறி விழுந்தும் மூழ்கியும் செத்தவர்கள் உண்டு. உடம்பு நெருப்பாகக் காய்ந்தால், வலிப்பு வந்தால், கைகால் விறைத்தால், எழுப்ப எழும்பாவிட்டால் யோசிக்காமல் 1990க்கு அடித்து அம்புலன்ஸ் கூப்பிடவேண்டும். எல்.எஸ்.டி. என்று விற்கிற காகிதத்தில் 'என்-போம்' (NBOMe) என்ற வேறு சாமான் தடவியிருப்பதும் உண்டு, அது உயிர் எடுத்திருக்கிறது. காகிதத்தைப் பார்த்து ஒருவராலும் சொல்ல முடியாது.

வேலியோரம் நிற்கிற ஊமத்தையைத் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் காசில்லாத பொடியன்கள் அதைத்தான் தேடுகிறார்கள். அது இந்தச் சாதியே இல்லை. அதிலுள்ள அட்ரோபின், ஸ்கொபொலமின் மூளையில் வேறு கதவை அடைக்கின்றன. வாய் காய்ந்து, தோல் சிவந்து சூடேறி, மூத்திரம் அடைத்து, இல்லாத ஆளோடு உட்கார்ந்து கதைப்பான். தான் எதையோ எடுத்தேன் என்பதே அவனுக்கு நினைவிராது. அங்கே மங்கல் விளக்கும் மாமாவும் உதவாது. அது நஞ்சு, உடனே ஆஸ்பத்திரி.

கிளினிக் மாத்திரை எடுக்கிறவர்களுக்கும் ஒரு சொல். எல்.எஸ்.டி.யோ காளானோ எடுப்பதற்காக மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென்று விட்டவர்கள் அந்த மாத்திரையை விட்டதாலேயே விழுந்திருக்கிறார்கள். இருமுனை நோய்க்கு லித்தியம் எடுப்பவர் எல்.எஸ்.டி.யோ காளானோ எடுத்தால் வலிப்பு வரக்கூடும்.

ஆள் இறங்கிய பிறகு நான் பார்ப்பது நித்திரையைத்தான். இரண்டாம் இரவும் படுக்காமல் புதுப்புதுச் சந்தேகம் சொன்னால் கிளினிக்குக்குப் போக நேரம் வந்துவிட்டது. போக முடியாத நேரத்தில் 1926க்கு எடுத்துக் கதைக்கலாம், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது.

மருமகன் மாத்திரையில் நன்றாகத் தெளிந்தான். முதல் மாதங்களில் உடம்பு ஊதியது, அதைச் சொல்லி மாத்திரையை எறியப் பார்த்தான். டொக்டர் மருந்தை மாற்றினார். நோய்க்குப் பேர் வைக்க அவசரப்படவில்லை, காலம் எடுத்துப் பார்க்கவேண்டும் என்றார். இப்போது அக்கரைப்பற்றில் ஒரு போன் திருத்தும் கடையில் வேலை. பொழுதுபடுகிற நேரம் தரைஓட்டின் பூக்கள் இன்னும் கொஞ்சம் நெளியுமாம். சிலருக்கு அப்படித் தங்கிவிடுவது உண்டென்று டொக்டர் சொல்லியிருப்பதால் அதைக் கண்டு பயப்படுவதில்லை. பெரியப்பாவின் கதையை அத்தான்தான் சொன்னார். கேட்டுவிட்டு அவன் கேட்ட ஒரே கேள்வி, 'அவருக்கு மாத்திரை குடுக்கல்லயா?'

அன்றிலிருந்து சீசனுக்கு வேலைக்கு வருகிற புதுப் பொடியன்களிடம் நான் ஒழுக்கம் பேசுவதில்லை. வீட்டில் போய்த் தாய் பக்கம் தகப்பன் பக்கம் விசாரித்துக்கொண்டு வா என்று மட்டும் சொல்கிறேன். போன சீசன் பொத்துவில் பொடியன் ஒருவன் போய்க் கேட்டிருக்கிறான். அவனுடைய உம்மா எனக்குப் போன் எடுத்து, 'மகளுக்கு மாப்பிள பாக்கிற நேரத்தில இதெல்லாம் என்னத்துக்குத் தம்பி கிண்டச் சொல்றீங்க' என்று நல்லா ஏசினார். நான் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஏசி முடித்த பிறகு, தன் தம்பி ஒருவர் கொஞ்சக் காலம் அங்கொடை மனநோய் ஆஸ்பத்திரியில் இருந்தவர் என்றார். அதை மகனிடம் நீங்களே சொல்லுங்க என்றேன். மாப்பிள்ளை வீட்டுக்காரர் வந்துபோகட்டும், பிறகு சொல்றன் என்று வைத்துவிட்டார்.